மூச்சுக்குழாய்

இருநூறு ரூபாய்க்கு மேல் குடிக்காது என் ஆம்னி.
டேங்கில் பாதிகூட ஆகியிருக்காது,
வாய்க்கு வந்து
பங்க்காரப் பையன் செருப்பில் கக்கும்.
"ஏனுங்க்கா, இன்னுமா மாத்தாம ஓட்டறீங்க?"
அவன் பழந்துணி தேட, பின்னால் ஹாரன்.

இரண்டு வருடம் இப்படியே ஓட்டினேன்.
போன வெள்ளிக்கிழமை
அனுப்பர்பாளையத்தில் செக்கிங் முடித்த
நானூற்றிருபது பனியன்,
குழந்தைகள் சைஸ், மார்பில் ஒரு மஞ்சள் வாத்து.
மூட்டையை அவிழ்த்த க்யூசி ஆள்
ஒன்றை எடுத்து முகர்ந்தான்,
பூ வாங்க வந்தவன் மாதிரி.
பிறகு மூட்டையைக் காலால் தள்ளினான்.
"பெட்ரோல் வாசம். எடுத்துட்டுப் போங்."

மறுபடி துவைத்து, தேய்த்து, மடித்து,
கூலி என் தலையில்.

சென்னியப்பன் ஒர்க்‌ஷாப்பில் நாலாயிரத்து ஐநூறு கேட்டார்.
சனிக்கிழமை உக்கடத்துக்குப் பஸ் ஏறினேன்.
சாம்பிள் கொண்டு போகவில்லை.
"மேல அகலம், கீழ வளைஞ்சிருக்கும் பாய்."
ஹபீப் பாய் தன் முழங்கையை மடக்கினார்.
"இவ்வளவா?"
"இன்னும் கொஞ்சம்."
மடக்கினார்.
"போதுங்."
அந்த முழங்கை அளவுக்கு ஒரு ரப்பர் குழாய்,
நாலு கிளிப், சாவி வைத்த புது மூடி.
கூடவே சுண்டுவிரல் தடிமனில் அரை மீட்டர்.
"மூச்சுக்குழாயையும் மாத்திருங்கம்மா, முப்பது ரூவாதான்."

ஞாயிறு காலை, வெட்டவெளியில்,
பேட்டரி வயரைப் பிரித்து,
மிச்சப் பெட்ரோலைக் கேனில் இறக்கித் தள்ளி வைத்து,
ஒரு வாளி மணலும் பக்கத்தில்.
ஜாக்கியை நம்பாமல் கல்லும் கொடுத்தேன்.
பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு
கோரைப்பாயில் மல்லாந்தால்
பொங்கலூர், கொடுவாய், வெள்ளகோவில்,
லோடு இறக்கிய ஊரெல்லாம்
காய்ந்த சேறாகக் கண்ணில் உதிர்ந்தது.

கிளிப் துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது.
ஆக்சா பிளேடு வைக்கப் பயம், பொறி பறந்தால்?
தேங்காயெண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். மறுபடி விட்டேன்.
கொறடால் முறுக்க
மூன்றாம் முறை, படக்.

அப்போதுதான் கொழுந்தன் பொங்கியண்ணன்
பீடியோடு வந்து நின்றான்.
"ஏனுங் நங்கை, நெம்பத்தான் மெக்கானிக்காயிட்டீங்க."
வண்டிக்கடியிலிருந்து நான் போட்ட சத்தத்தில்
பீடியோடு தீப்பெட்டியும் சாக்கடைக்குப் போனது.
அப்புறம் அவனே டார்ச் பிடித்தான்,
ஒரு வார்த்தை பேசாமல்.

பழைய குழாய் முழுக்கப் பித்தவெடிப்பு,
என் குதிகாலுக்கு ஒரு படி கம்மி.
வாசம் கசிந்த வழி இது.
கக்கியதற்குக் காரணம் வேறே:
மூச்சுக்குழாயின் மேல்முனை எப்போதோ கழன்று தொங்கியிருக்கிறது.
வாய் வைத்து ஊதினேன், போகவில்லை.
கம்பி விட்டேன்.
மண்.
கட்டை கட்டையாக உதிர்ந்த மண்ணுக்குள்
கால் மடக்கிய ஐந்து சிலந்திகள்,
குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்த சோறு.
குஞ்சு பிழைக்கவில்லை போல.

பழைய பஸ் ஸ்டாண்டில்
இறங்குகிறவர்களை விடாமல் ஏறுமே கூட்டம்,
அதே கதைதான் இரண்டு வருடமாக.
காற்று இறங்க வேண்டும், பெட்ரோல் ஏற வேண்டும்,
இருந்தது ஒரே படி.
சிலந்திகளை என்ன செய்வதென்று தெரியாமல்
வேலியோரம் கொட்டினேன்.

புதுக் குழாய் ஏற மறுத்தது.
சோப்பு நுரை தடவி, திருகி, திட்டி,
நாலு மணிக்கு நாலாவது கிளிப் இறுகியது.

பங்க்கில் பையன் பழக்கத்தில் இரண்டடி தள்ளி நின்றான்.
"ஐநூறுக்குப் போடு."
அவன் செருப்பைப் பார்த்தான், நான் மீட்டரைப் பார்த்தேன்.
முன்னூறு. முன்னூற்றைம்பது.
குடத்தில் தண்ணீர் ஏறும் சத்தம் உள்ளே.
ஐநூறு.
அவன் செருப்பு காய்ந்தே இருந்தது.

வீடு வந்தால்
மொட்டை மாடிக் கொடி நிறைய வாத்து, பாதி ஈரத்தில்.
ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.
வாசம் வந்தது.
துணியிலிருந்தா, என் கையிலிருந்தா?
கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி மறுபடி முகர்ந்தேன்.
தெரியவில்லை.
பக்கத்து மாடியில் தமயந்தி மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள்.
"கண்ணு, அதை வெச்சுட்டு
இக்கட்ட வந்து இதைக் கொஞ்சம் மோந்து பாரு."